பலகை விழுந்தால் எங்கே விழும்?

2024 பெப்ரவரி 11

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் தங்கும் விடுதி நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காணி என்னுடையது. உறுதி என் பெயரில் இருக்கிறது. கொழும்பு விளம்பர நிறுவனம் ஒன்று வீதியோர மூலையில் 40 அடிக்கு 20 அடிப் பலகை நிறுத்த வருட வாடகை தருவதாகச் சொல்கிறது. என் வேலிக்குள் நிற்கப்போகும் பலகைக்கு நான் யாரிடம், எதற்காக அனுமதி கேட்க வேண்டும்?"

கேட்கத்தான் வேண்டும், தம்பி. ஒருவரிடம் கேட்டாலும் போதாது. நிலாவெளி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருக்கிறது. கட்டிட எல்லைக்கு (வீதியோரம் கட்டாமல் விடவேண்டிய கோட்டுக்கு) முன்னால் எதை நட்டாலும் அவர்கள் கேள்வி கேட்பார்கள். உங்கள் காணி பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் வருகிறது. விளம்பரக் கட்டணம் அவர்களுக்கு உரியது. அந்த இடம் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டிருந்தால், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டப்படி அபிவிருத்தி அனுமதிப்பத்திரமும் வேண்டும். இவை எல்லாவற்றையும் விட நீங்கள் மறந்திருக்கும் ஒன்று உண்டு: கடல். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது. அந்த வலயத்துக்குள் கட்டுமானம் செய்ய கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

முதலில் ஒரு நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். வாடகையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

2024 பெப்ரவரி 11, இரவு

ஒரு விடயத்தை விட்டுவிட்டேன். கட்டிட எல்லையை வீதியின் நடுக்கோட்டிலிருந்து அளப்பார்கள். வேலியிலிருந்து அளந்துவிட்டு "இருபது அடி உள்ளேதான் நிற்கிறது" என்று வாதாடி, கடைசியில் தூணைப் பிடுங்கியவர்களை நான் அறிவேன்.

2024 பெப்ரவரி 18

"பிளெக்ஸ் வந்து உங்கள் தொழிலைத் தின்றுவிட்டது. அந்தக் கோபத்தில்தான் பெரிய பலகைகளை எதிர்க்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேராகப் பதில் சொல்கிறேன்.

1981இல், பதினெட்டு வயதில், பெயர்ப்பலகை எழுதத் தொடங்கினேன். தகரத்துக்குச் செங்காவி அடித்துக் காயவைத்து, அதன்மேல் இரண்டு முறை வெள்ளை பூசி, நூலில் கரித்தூள் தடவி இழுத்து அடித்துக் கோடு போட்டு, அதற்குள் எழுத்தை நிறுத்துவோம். "ழ"வின் வால் கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்கலாம் என்று என் குருநாதர் அரை நாள் பாடம் நடத்துவார். மத்திய வீதியில் பிரதான கடைகள் பலவற்றின் பெயர் என் கையால் எழுதப்பட்டது. 2009க்குப் பிறகு வீதிகள் திறந்து, கொழும்பு நிறுவனங்கள் வந்தன, பிளெக்ஸும் வந்தது. நான் எழுதும் வேலையை விட்டுப் பலகை பொருத்தும் வேலைக்குப் போனேன். கோண இரும்பு வெட்டுவது, ஒட்டுவது, கூரையில் ஏற்றுவது. அதில் முன்னைவிடக் கூடுதலாகவே உழைத்தேன். ஆகவே பிளெக்ஸ் என் சோற்றைப் பறித்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்குச் சோறு போட்டதும் அதுதான்.

நான் பெரிய பலகைகளை எதிர்க்கவும் இல்லை. அவற்றை நிறுத்தியவன் என்பதால் அவற்றுக்குப் பயப்படுகிறேன்.

2024 மார்ச் 2

பயம் என்று எழுதியதும் காரணம் கேட்டிருக்கிறீர்கள். 2012 ஆடி மாதம். கச்சான் காற்று மூன்று நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அநுராதபுரச் சந்திக்கு அருகே ஒரு குறுக்குத் தெருவில், இரண்டு மாடிக் கடையின் மேல் நின்ற 20க்கு 10 அடிப் பலகை பின்பக்கமாகச் சாய்ந்து, பின்வீட்டுச் சமையலறைக் கூரையில் விழுந்தது. நேரம் பிற்பகல் இரண்டரை. ஒரு மணிக்கு அந்த அடுப்படியில் இரண்டு பெண்கள் இருந்திருக்கிறார்கள். சீற்று உடைந்து, குழம்புச் சட்டிக்குள் இரும்பு நின்றது. யாருக்கும் காயம் இல்லை. நிறுவனம் ஆளை அனுப்பிப் படம் எடுத்தது. சீற்றுக்கு மட்டும் பணம் கொடுத்தது. நிறுவனத்தின் பொறுப்பற்ற தனம் அப்படிப்பட்டது.

2024 மார்ச் 3

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். இரவு முழுவதும் நித்திரை வரவில்லை.

அந்தப் பலகையைப் பொருத்தியவன் நான். அடித்தட்டுக்கு ஆறு போல்ற் வேண்டுமா, நான்கு போதுமா என்று நிறுவனத்தின் மேற்பார்வையாளர் கேட்டபோது "நான்கு போதும்" என்று சொன்னவனும் நான். கொங்கிறீற்றுத் தளம் பழையது, கம்பி உப்புப் பிடித்திருக்கிறது என்று துளை போடும்போதே கைக்குத் தெரிந்தது. செந்நிறத் தூள் வந்தது. மாலைக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காகப் பேசாமல் இருந்தேன். நிறுவனம் பொறியியலாளரை அனுப்பவில்லை. அது அவர்களுடைய தவறு. தெரிந்த உண்மையை நான் சொல்லவில்லை; அது என்னுடையது. "நிறுவனத்தின் பொறுப்பற்ற தனம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் படுத்தது தப்பு.

அந்த வீட்டுக்காரரிடம் பல வருடங்களுக்குப் பிறகுதான் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

2024 மார்ச் 24

"நான்கு போல்ற்றுக்கும் ஆறுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?" என்று கேட்டவருக்காக ஒரு கணக்கு. அன்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு பொறியியல் மாணவனிடம் உட்கார்ந்து படித்தேன்.

காற்று ஒரு சதுர மீற்றரில் தரும் அழுத்தத்தை நியூற்றனில் காண, வேகத்தை (செக்கனுக்கு மீற்றரில்) தன்னாலேயே பெருக்கி, வந்ததை 0.613ஆல் பெருக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இதை மட்டும் மனதில் வைத்தால் போதும். 20க்கு 10 அடிப் பலகையின் பரப்பு ஏறத்தாழ 18.6 சதுர மீற்றர். மணிக்கு 45 கிலோமீற்றர் காற்றில் அதன்மேல் விழும் பாரம் 180 கிலோ அளவு. மூன்று பேர் சேர்ந்து தள்ளுவது போல. மணிக்கு 90 கிலோமீற்றரில் அது 700 கிலோவைத் தாண்டும். தட்டையான பலகைக்குரிய வடிவக் கெழுவையும் (வடிவத்துக்கு ஏற்பப் பெருக்கும் எண்ணையும்) சேர்த்தால் 900க்கு மேல். ஒரு சிறிய கார் பக்கவாட்டில் வந்து சாய்ந்துகொண்டது போல.

90 எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி புயல் நமக்கு வடக்கே, திரியாய்ப் பக்கமாகத்தான் கரை ஏறியது. அப்போது சொல்லப்பட்ட வேகம் 80 முதல் 90 வரை. 1964 டிசம்பர்ச் சூறாவளி அதைவிடப் பெரியது. நான் அப்போது கைக்குழந்தை, அம்மா என்னைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்ததைச் சொல்வார்.

அலஸ்தோட்டத்துத் தம்பிக்கு: உங்கள் 40க்கு 20 பலகையின் பரப்பு இதைப் போல நான்கு மடங்கு. அதே காற்றில் மூன்றரைத் தொன்னுக்கு மேல். உங்கள் விடுதிக்கு விருந்தினர் வரும் மாதங்களில் கச்சானும் வரும்.

2024 ஏப்ரல் 15

வருடப்பிறப்புக்குக் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தேன். பிரெட்றிக் கோட்டை வாசல் வரை வழியில் கண்ட பலகைகளின் தமிழைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. "கொ" எழுத வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கமும் கால் எங்கோ தூரத்திலும் கிடக்கின்றன. ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பிழை இல்லை. தமிழில் நான்கு சொல்லுக்கு மூன்று பிழை. எழுத்துரு மாறிப் போய் அச்சாகியிருக்கிறது. அச்சாக முன்னர் தமிழ் தெரிந்த ஒருவருக்கும் காட்டவில்லை. தமிழ் பேசும் ஊரின் நடுவே, தமிழனிடம் பொருள் விற்கவென்று நிற்கும் பலகை இது. நாற்பது அடி நீளத்துக்கு நம் எழுத்தை உடைத்துப் போட்டிருக்கிறார்கள்.

அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது பலகையில் வரப்போகும் வாசகத்தின் பிரதியையும் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் அதை வாசிக்கட்டும். தமிழ் பிழையென்றால் அனுமதியை நிறுத்தட்டும்.

2024 ஏப்ரல் 21

மேலே எழுதியதன் கடைசி வரியை மீளப் பெறுகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது ஆசிரியை, கேட்டாள்: "ஐயா, வாசகத்தைப் பார்த்து அனுமதியை நிறுத்தும் அதிகாரத்தை ஓர் உத்தியோகத்தருக்குக் கொடுத்தால், அவர் எழுத்துப்பிழையோடு நின்றுவிடுவார் என்று நினைக்கிறீர்களா? நாளை ஒரு நினைவுகூரல் பதாகைக்கு வந்து இந்தச் சொல் கூடாது, அந்தச் சொல் கூடாது என்பார்." இந்த ஊரில் வாழ்ந்தவன் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவள் சொல்வது சரி.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எழுதியவனும் வாசிப்பவனும் பார்த்துக்கொள்வார்கள். புகையிலைக்கும் மதுவுக்கும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அது போதும். உத்தியோகத்தர் பார்க்க வேண்டியவை: எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம், எதன்மேல் நிற்கிறது, யாருடைய தலைக்கு மேல் நிற்கிறது. பிழைத் தமிழுக்கு நாம் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவோம். நான் இரண்டு எழுதிவிட்டேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. பிழை திருத்திய புதிய பிளெக்ஸ் அடுத்த மாதம் ஏறுமாம்.

2024 மே 14

நேற்று மும்பையில், காட்கோபர் என்ற இடத்தில், புழுதிக்காற்றில் ஒரு விளம்பரப் பலகை பெற்றோல் நிலையத்தின் மேல் விழுந்துவிட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. மழைக்கு ஒதுங்கியவர்களும் எரிபொருள் நிரப்ப வந்தவர்களும். தொலைக்காட்சியில் அந்த இரும்புச் சட்டத்தைக் காட்டியபோது எழுந்து வெளியே போய்விட்டேன்.

2024 மே 27

மும்பையில் இறந்தவர்கள் 17 பேர். அந்தப் பலகை 120 அடிக்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் ஆகக் கூடிய அளவு 40க்கு 40. இதை வாசிக்கும்போது எல்லோருக்கும் வரும் கேள்வி, இத்தனை பெரியதை யார் அனுமதித்தார்கள் என்பது. நிலம் ரயில்வே பொலிஸாரின் வசம் இருந்தது. அனுமதி அவர்கள் பக்கத்திலிருந்து வந்தது. தன்னிடம் எவரும் அனுமதி பெறவில்லை என்றது மாநகராட்சி. இரண்டு வாசலுக்கு நடுவே பலகை, அனுமதிக்கக்கூடிய 1,600 சதுர அடியைப் போல ஒன்பது மடங்காக, 14,400 சதுர அடியாக வளர்ந்து நின்றிருக்கிறது.

நம் ஊரைப் பாருங்கள். ரயில்வே காணி, துறைமுக அதிகார சபைக் காணி, படையினர் வசமுள்ள காணி, தொல்லியல் காணி, கரையோரம், பெருந்தெரு, மாகாண வீதி. ஒரு பலகை நிறுத்த வருகிறவனுக்கு ஏழு வாசல்கள். ஏழில் ஒன்றில் கடிதம் வாங்கிவிட்டு மற்ற ஆறு பேருக்கும் அதைக் காட்டலாம். நானே அப்படிக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். பொலிஸார் வந்து கேட்டால் காட்டுவேன்; அவர்கள் முத்திரையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தக் கடிதம் கட்டணம் கட்டியதற்கான கடிதம் மட்டுமே என்பதை ஒருவரும் வாசித்ததில்லை.

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் வந்த இளம்பெண்மேல் வீதி நடுவே கட்டியிருந்த பதாகை விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லொறி ஏறிவிட்டது. அது ஒரு திருமணப் பதாகை. 120 அடி எல்லாம் தேவையில்லை.

   

2024 ஜூன் 30

இன்று எழுதப்போவது நீளமாக இருக்கும்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீடு மாமியுடையது. (உறவுமுறையில் மாமி இல்லை, தெருவுக்கே மாமி.) கணவர் காலமாகிப் பதினொரு வருடம். மேல்மாடித் தளத்தில் 20க்கு 12 அடிப் பலகை நிற்கிறது. அதன் வாடகை வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. அந்தப் பலகையை அகற்றவேண்டும் என்று மகஜர் ஒன்று தயாரித்து, கையொப்பம் வாங்கத் தெருவில் இறங்கினேன். முதல் கையொப்பம் மாமியிடமே கேட்கலாம் என்று போனேன். நேர்மையாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மாமி கோபப்படவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்துவந்து காட்டினார். அந்த வாடகையில் பேத்தியின் வகுப்புக் கட்டணம், தன் நீரிழிவு மருந்து, ஆதனவரி. எல்லாம் திகதியோடு எழுதியிருக்கிறார். "தம்பி, பலகை விழும் என்று நீ சொல்வதை நம்புகிறேன். விழாமல் நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்று ஏன் அவர்கள் ஒருவரும் வந்து பார்க்கவில்லை? நான் கையெழுத்துப் போட்டேன், பணம் வந்தது. எட்டு வருடத்தில் ஒரு மனிதன் அந்தத் தளத்தில் ஏறி ஓர் ஆணியைத் தட்டிப் பார்த்ததில்லை."

மகஜரை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அதன் பிறகு செய்ததைச் சொல்கிறேன். எழுத்துக் கோடு போடும் அந்தப் பழைய நூலை எடுத்துக்கொண்டு மாமியின் மாடிக்கு ஏறினேன். தளம் வரை 22 அடி. தளத்திலிருந்து பலகையின் உச்சி வரை 17 அடி. மொத்தம் 39. கீழே வந்து, சுவர் அடியில் நூலின் ஒரு நுனியை மாமியின் பேத்தி பிடிக்க, 39 அடிக்கு நூலை இழுத்துக்கொண்டு வட்டமாக நடந்தேன். அந்த வட்டத்துக்குள் வந்தவை: என் அயலவரின் முன் விறாந்தை, பின்வீட்டுக் கிணற்றடி, முச்சக்கர வண்டிகள் நிற்கும் வேப்பமர நிழல், பின்னேரங்களில் பதினைந்து இருபது பிள்ளைகள் உட்காரும் தனியார் வகுப்புக் கொட்டகையின் பாதி. கடற்கரையிலிருந்து வரும் இரண்டு மான்களும் மத்தியானத்தில் அந்த வேம்பின் கீழ்தான் படுக்கும்.

இந்த வட்டத்துக்குள் இருக்கும் ஒருவரிடமும் எவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அனுமதி என்பது வீட்டுக்காரருக்கும் நிறுவனத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நடந்து முடிந்த காரியம். நமது சண்டைகள் எல்லாம் பலகை எத்தனை சதுர அடி, சதுர அடிக்கு என்ன கட்டணம் என்பதைப் பற்றியவை. விண்ணப்பத்தில் முதல் கேள்வியாக "இது விழுந்தால் எங்கே விழும்?" என்று இருக்க வேண்டும். உச்சி உயரத்தை ஆரமாக வைத்து வட்டம் போட்ட வரைபடம் ஒன்றை இணைக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் வசிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்தில் அறிவித்தல் போக வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பட்டயப் பொறியியலாளர் ஒருவர் ஏறிப் பார்த்துக் கையொப்பம் இடவேண்டும். அதற்கான செலவை நிறுவனம் ஏற்கவேண்டும், மாமி அல்ல. இது ஒன்றும் நடக்க முடியாத காரியம் இல்லை. நூல் ஒன்றும் ஒரு பிள்ளையும் இருந்தால் வட்டம் போட்டுவிடலாம்.

2024 ஜூலை 7

"மாமியின் பலகை மேல் பரிதாபம் வந்ததும் உங்கள் கொள்கை மாறிவிட்டது" என்று ஒருவர். மாறியது உண்மை. பெப்ரவரியில் நான் பெரிய பலகைகளை எதிர்க்கவில்லை என்று எழுதினேன். ஜூனில் ஒன்றை அகற்ற மகஜர் எழுதினேன். இப்போது அது பாதுகாப்பாக நிற்கட்டும் என்கிறேன். ஆளைப் பார்த்த பிறகு மனம் மாறாமல் இருப்பது எனக்குப் பெருமை தராது.

2024 ஜூலை 21

சின்னக் கடைக்காரர்களிடமிருந்து வந்த கேள்வி: "என் கடைப் பெயரை என் கடை வாசலில் வைக்கவும் இத்தனை அலைச்சலா?" நியாயமான கேள்வி. ரொறன்ரோவில் இருக்கும் என் மகளிடம் விசாரித்தேன். அங்கே நகர விதியே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: தன் இடத்தில் நடக்கும் தொழிலைச் சொல்லும் பலகை ஒன்று, வேறெங்கோ விற்கும் பொருளைச் சொல்லும் பலகை மற்றொன்று. இரண்டாவது வகைக்கு மட்டும் 2010 முதல் தனி வரி. அமெரிக்காவில் இந்தப் பிரிவினை பேச்சுச் சுதந்திரத்துக்கு எதிரானதா என்று அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது; ஒஸ்ரின் நகர வழக்கில் 2022இல், பிரிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரம் இன்னும் ஒரு படி மேலே போய், 2007 முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளையே தடை செய்தது. கடைப் பெயர்ப்பலகைக்கு மட்டும், கடையின் அகலத்துக்கு ஏற்ற அளவு.

நம் ஊருக்கு அந்தத் தடை தேவை என்று நான் சொல்லமாட்டேன். மாமியின் கொப்பி கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் தேநீர்க் கடைக்காரரின் 6க்கு 3 அடித் தகரத்தையும் 20 அடி பிளெக்ஸையும் ஒரே படிவத்தில் நிரப்பச் சொல்வது அநியாயம். அந்தத் தகரத்தை மரச்சட்டத்தில் அடித்து நாங்கள் சங்கிலியில் தொங்கவிடுவோம். காற்று வந்தால் ஆடும், ஆடுவதால் விழாது.

2024 ஓகஸ்ட் 5

மாமியின் சம்மதத்தோடு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்று விண்ணப்பம் கொடுத்தேன். கேட்டவை மூன்று: அந்தப் பலகைக்கான அனுமதியின் பிரதி, பொறியியலாளர் சான்றிதழின் பிரதி, கடைசியாகப் பரிசோதித்த திகதி. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எந்த அலுவலகம் என்பதை இங்கே எழுதவில்லை. எழுத்தர் தம்பி மரியாதையாக நடந்துகொண்டார், அவர்மேல் பழி விழவேண்டாம்.

உறுப்பினரிடம் சொன்னால் விரைவில் முடியுமே என்று சிலர் சொன்னார்கள். உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச் 19ஆம் திகதியோடு முடிந்தது. இதை எழுதும் 2024 ஓகஸ்ட் வரை தேர்தல் நடக்கவில்லை. சொல்வதற்கு உறுப்பினர் இல்லை.

2024 செப்டம்பர் 2

பதில் வரவில்லை. குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு கொடுத்தேன்.

2024 செப்டம்பர் 22

நேற்று ஜனாதிபதித் தேர்தல் வாக்களிப்பு. இன்று காலை நடந்து போகும்போது மின்கம்பங்களில் கட்டியிருந்த கம்பிகளைப் பார்த்தேன். பதாகையைக் கிழித்துவிட்டார்கள், கட்டிய கம்பி கழுத்து உயரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சைக்கிளில் வரும் பிள்ளையின் கண் மட்டம். ஏழு கம்பிகளை வெட்டி எடுத்தேன். கட்டியவர்கள் வெட்டட்டும் என்று காத்திருக்க முடியாது.

2024 ஒக்டோபர் 6

பதில் வந்துவிட்டது. ஆண்டுதோறும் கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டுப் பிரதிகள் எட்டு. முதல் வருட அனுமதிக் கடிதம் ஒன்று. பொறியியலாளர் சான்றிதழுக்கு எதிரே: "கோவையில் இல்லை." பரிசோதித்த திகதிக்கு எதிரே ஒரு கோடு.

எட்டு வருடம் பணம் வாங்கிய கோவையில் அந்த இரும்பை ஒருவர் தொட்டுப் பார்த்ததற்கு ஒரு தாள் இல்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் கன நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி வழி: நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் இந்தப் பிரதி. பரிசோதிக்க மறுத்தால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இருக்கிறது; பொதுமக்களுக்கு ஆபத்தான கட்டுமானத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். சட்டத்தரணி ஒருவரிடம் பேசியிருக்கிறேன்.

அலஸ்தோட்டத்துத் தம்பி இன்று தொலைபேசியில் பேசினார். அளந்துவிட்டார்: கடலிலிருந்து அவர் காணி மூலை 240 மீற்றர். எல்லா அனுமதிக்கும் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட நிறுவனம் கேட்டதாம். விழுந்தால் முதல் வழக்கு தன்மேல் என்று புரிந்துகொண்டு மறுத்துவிட்டார். நிறுவனம் வீதிக்கு அந்தப் பக்கம் வேறு ஒருவரோடு பேசுகிறது. அந்தக் காணிக்காரரின் இலக்கம் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், நூலோடு வருகிறேன்.

2024 நவம்பர் 26, இரவு 11 மணி

ஆழ்ந்த தாழமுக்கம் நம் கரையோரமாகவே நகர்கிறது. மழை நிற்கவில்லை. வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கிறது. மாமியின் பலகை கிழக்குப் பார்த்தது.

நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு மாலையில் நான்கு முறை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது மாமி தானே வந்து கதவைத் தட்டினார். "ஏறு தம்பி, வெட்டிவிடு. நான் பொறுப்பு." என் உதவிப் பையனோடு போகிறேன்.

2024 நவம்பர் 29

பலருக்கும் தனித்தனியே பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். இருவருக்கும் ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறோம்.

பலகையின் இரும்புச் சட்டத்தின் பின்பக்கமாக ஏறி, இடுப்பில் கயிற்றைத் தளத்துத் தூணில் கட்டிக்கொண்டு, பிளெக்ஸைக் கீழிருந்து மேலாக மூன்று கீற்றாகக் கிழித்தோம். முதல் கீற்று போனதுமே இரும்பு முனகுவது நின்றது. கையால் உணர முடிந்தது. காற்று நடுவே புகுந்து போய்விட்டது. பிறகு டார்ச் அடித்து அடித்தட்டைப் பார்த்தோம். தென்கிழக்கு மூலையில் இரண்டு போல்ற்றின் தலை விரலால் தொட்டதும் உதிர்ந்தது. மீதி நான்கில்தான் எல்லாம் நின்றது.

இதை எவரும் பார்த்துச் செய்யவேண்டாம். மழையில், இரவில், அறுபத்தொரு வயதில் நான் ஏறியது சரியான வழி இல்லை. வட்டத்துக்குள் இருந்தவர்களை அன்று மாலையே வேறிடம் போகச் சொல்லியிருக்க வேண்டும். வகுப்புக் கொட்டகை ஆசிரியரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் இரண்டு நாள் வகுப்பு வைக்கவில்லை.

2024 டிசம்பர் 8

நிறுவனத்திலிருந்து மாமிக்குக் கடிதம் வந்தது: சேதமாக்கிய பிளெக்ஸின் விலையை வாடகையில் கழிப்பார்களாம். உதிர்ந்த போல்ற் தலைகள் இரண்டையும் ஒரு போத்தலில் போட்டு, படம் எடுத்து, ஒக்டோபரில் கிடைத்த "கோவையில் இல்லை" பிரதியோடு சட்டத்தரணி பதில் அனுப்பினார். வெள்ளிக்கிழமை பொறியியலாளர் ஒருவர் வந்து ஏறினார். எட்டு வருடத்தில் முதல் தடவை. சட்டத்தை முழுமையாக இறக்கித் தளத்தை உடைத்து, புதிய கொங்கிறீற்றில் பதிக்க வேண்டும், அளவையும் 12க்கு 8 ஆகக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கழிப்பதாகச் சொன்ன தொகையைப் பற்றி இப்போது பேச்சு இல்லை. வாடகை குறையும், எவ்வளவு என்று மாமி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், நான் அருகில் உட்கார்ந்திருக்கிறேன்.

பொறியியலாளர் இறங்கியதும் என் நூலை வாங்கி, தானே வட்டத்தை ஒருமுறை நடந்து பார்த்தார். வேம்புக்குக் கீழே வந்தபோது மான்கள் எழும்பவில்லை. அவர் சுற்றிப் போனார்.

கிழித்த பிளெக்ஸின் மூன்று கீற்றில் ஒன்று மாமியின் விறகுக் கொட்டிலுக்கு மேல் இருக்கிறது, எழுத்துப் பக்கம் கீழே. மற்றது வகுப்புக் கொட்டகைக்குப் போனது. மூன்றாவதை நான் வைத்திருக்கிறேன். அதில் "கொ"வின் கால் மட்டும் தனியாக நிற்கிறது, அடுத்த கடிதத்தோடு படம் எடுத்து அனுப்பவேண்டும்.